கடல் கடக்கும் செவிலியரும் காலைப் பிணிக்கும் கடனும்



சபராளி என்றதும் ஆண்களே நம் நினைவுக்கு வருகின்றனர். அயல்நாட்டு நோயாளியின் படுக்கையருகே இரவெல்லாம் கண்விழிக்கும் நம் செவிலியப் பெண்களும் சபராளிகளே அல்லவா?

2014 ஜூன் மாதம் ஈராக்கின் திக்ரித் நகரம் ஐ.எஸ். படையினர் வசமானது. அங்குள்ள மருத்துவமனையில் இந்தியச் செவிலியர் 46 பேர் சிக்கிக்கொண்டனர். பெரும்பாலோர் கேரளத்தவர். பின்னர் மோசுலுக்குக் கொண்டு செல்லப்பட்டு, விடுவிக்கப்பட்டு, ஜூலை 5 அன்று கொச்சி வந்து சேர்ந்தனர்.

உயிர் பிழைத்தாலே போதும் என்று நாம் எண்ணுவோம். அவர்களுள் பலரையோ மற்றொரு கவலையும் வாட்டியது: வேலைக்காக வாங்கிய கடன், கைக்கு வராத சம்பளம். போர் மூண்ட பின்னும் ஒரு பெண்ணை அந்நிய மண்ணில் கட்டிப்போடும் விலங்கு இக்கடனே.

அது எங்ஙனம் விளைகிறது? குவைத் பணிக்கு ஆளெடுத்த கொச்சி முகவர் நிறுவனம் ஒன்று, ரூ.19,500 பெறவேண்டிய இடத்தில் ரூ.19.5 இலட்சம் பெற்றதாக 2015-இல் மத்தியப் புலனாய்வுத் துறை வழக்குப் பதிந்தது. அதே ஆண்டில், 18 நாடுகளுக்குச் செல்லும் செவிலியர் குடிபெயர்வு அனுமதி பெறுவதை மத்திய அரசு கட்டாயமாக்கியது. முகவர் கூலிக்கும் சட்டத்தில் வரம்புண்டு. 2017-இல் அது ரூ.30,000 என நிர்ணயிக்கப்பட்டது.

பெற்றோரே! நகையை அடகு வைக்குமுன், 1978-இல் தமிழக அரசு நிறுவிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தை நாடி விசாரியுங்கள். ஒப்பந்தத்தில் சம்பளம், பணிநேரம், விடுப்பு ஆகியவற்றை வாசித்தறிந்த பின்னரே மகளைக் கையெழுத்திடச் சொல்லுங்கள். தொலைபேசியில் அவள் அழைத்தால், பணம் வந்ததா என்பதற்கு முன், "நலமா மகளே?" என்று கேளுங்கள்.