பிரக்ஞைநிலையை அவதானித்தலும் நோயாளரின் மொழியும்

நரம்பியல் விடுதியிற் பயிலவரும் தாதிய மாணவர் முதலிற் கற்கவேண்டியது, கண்டதைக் கண்டவாறே எழுதுதலாகும். இலக்கிய ஆய்வாளராகிய நாம் இதுபற்றிப் பேசுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். எனினும் இங்குள்ள பிரச்சினை பெரிதும் மொழி சார்ந்ததே.

தலையிற் காயமுற்றோரின் நிலையை ‘அரைமயக்கம்’, ‘ஆழ்மயக்கம்’ போன்ற சொற்களாற் குறிப்பதே முன்னைய வழக்கு. ஒருவரது அரைமயக்கம் இன்னொருவருக்கு ஆழ்மயக்கமாயிற்று. இக்குழப்பத்தை நீக்கும் பொருட்டு, கிளாஸ்கோ நகரைச் சேர்ந்த கிரஹம் டீஸ்டேல், பிரையன் ஜெனற் ஆகியோர் 1974இல் லான்செற் சஞ்சிகையில் ஓர் அளவுகோலை வெளியிட்டனர். கண்திறத்தல், பேச்சு, அங்க அசைவு ஆகிய மூன்றுமே அதன் கூறுகள். இன்று வழங்கும் வடிவில் இவற்றுக்கு உச்சப்புள்ளி முறையே 4, 5, 6. எதற்கும் 1இலும் குறைவாக இடுவதில்லை. எனவே கூட்டுத்தொகை 3 முதல் 15 வரை அமையும்.

அசைவே இவற்றுள் மிகுந்த கவனத்தை வேண்டுவது. சொன்னதைச் செய்பவருக்கு 6. சொல்லுக்கு இணங்காதவரின் தோளருகே அழுத்தும்போது, கையைக் காறையெலும்புக்கு மேலாக அவ்விடம் நோக்கிக் கொண்டுவருவாராயின் 5. முழங்கையை இயல்பாக மடக்கி விலகின் 4. இயல்பற்ற முறையில் மடக்கின் 3. நீட்டி விறைப்பின் 2. அசைவே இல்லையெனின் 1. கூட்டுத்தொகையை மாத்திரம் எழுதுதல் பிழை. எந்தக் கூறு தாழ்ந்தது என்பதை அது மறைத்துவிடும். வீக்கத்தாற் கண்திறக்க இயலாதவருக்கு 1 இடுதலும் பிழை. ‘சோதிக்க இயலவில்லை’ என்றே எழுதல் வேண்டும். கண்மணிகளின் பருமனையும் ஒளிக்கு அவை சுருங்குவதையும் உடன் பதிதல் அவசியம். உயரும் குருதியமுக்கமும் தளரும் நாடித்துடிப்பும் மண்டையோட்டினுள் அமுக்கம் பெருகியதற்குப் பிந்திய அறிகுறிகள், அவற்றுக்காகக் காத்திருத்தலாகாது.

பேச்சுக்கு வருவோம். பெயர், இடம், மாதம் ஆகியவற்றைச் சரியாகக் கூறுபவருக்கு 5. குழம்பிப் பேசுபவருக்கு 4. யாழ்ப்பாணத்து முதியவரொருவர் இடத்தைப் ‘பெரியாஸ்பத்திரி’ என்றும், ஓகஸ்ற் பிற்பகுதியில் மாதத்தை ‘ஆவணி’ என்றும் கூறுவாராயின் அவர் குழம்பியவரல்லர். தமிழ் மாத்திரம் அறிந்தவரைச் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ வினவி, அவரது மௌனத்துக்குப் புள்ளியிடுவது இன்னும் பாரதூரமானது. அங்கு அளக்கப்படுவது மூளையன்று, விடுதியின் மொழி. 1987இல் தமிழும் அரசகரும மொழியென அரசியலமைப்பில் இடம்பெற்றது. கட்டிலருகே அது செயற்படுகின்றதா என்பது வேறு வினா.

வைத்தியர் வந்துபோவார்; இரவு முழுவதும் உடனிருப்பவர் தாதி. சிந்தனை வைத்தியருக்கும் கைவேலை தாதிக்கும் உரியவை எனும் பிரிவினையை இவ்வவதானிப்புப் பத்திரமே பொய்ப்பிக்கின்றது. ஆகவே, எம்மொழியில் வினவப்பட்டது என்பதை அப்பத்திரத்திற் குறிக்க மாணவர் பழகல் வேண்டும். கடமை மாறும்போது, செல்பவரும் வருபவரும் கட்டிலருகே சேர்ந்துநின்று ஒருமுறை சோதித்துப் பார்த்த பின்னரே பத்திரம் கைமாறல் தகும்.