அளந்து பார்க்காத சிப்

ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் செருகினாலே மைலேஜ் கூடும், பிக்கப் ஏறும் என்று சொல்லிச் சில நூறு ரூபாய்க்குச் சிப்புகள் விற்கிறார்கள். அவற்றில் சிலவற்றைப் பிரித்துப் பார்த்தவர்கள் கண்டது மினுக்கும் விளக்குகளையும் அவற்றை எரியவைக்கும் ஒரு சில்லையும்தான். காரின் கணினியோடு பேசுவதற்கான சர்க்யூட்டே உள்ளே இல்லை. இது மோசடி, அவ்வளவுதான். இதைவிட விலை கூடிய, உண்மையிலேயே ஏதோ வேலை செய்கிற பெட்டிகளைப் பற்றித்தான் கூடுதலாகக் கவலைப்பட வேண்டியிருக்கிறது.

1980களில் எஞ்சின் கணினியின் நினைவகச் சில்லைக் கழற்றி, எரிபொருளையும் ஸ்பார்க்கையும் தீர்மானிக்கும் வேறு அட்டவணை எழுதிய சில்லைப் பொருத்தினார்கள். சிப் என்ற பெயர் அப்படி வந்தது. இன்று அதே வேலையை லேப்டாப் மூலம் செய்கிறார்கள். அதற்குப் பெயர் ரீமேப். டீசல் கார்களுக்கு விற்கும் டியூனிங் பாக்ஸ் பெரும்பாலும் இந்த அட்டவணையைத் தொடுவதே இல்லை. அது எரிபொருள் அழுத்தத்தை அளக்கும் சென்சாருக்கும் கணினிக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு பொய் சொல்கிறது. உண்மையில் 1,500 பார் அழுத்தம் இருக்கும்போது 1,400 என்கிறது. கணினி அதை நம்பி அழுத்தத்தை ஏற்றுகிறது, டீசல் கூடுதலாகப் பாய்கிறது, வண்டியும் இழுக்கிறது. ஆனால் எவ்வளவு டீசல் போனது என்பதையும் கணினி அந்தப் பொய்யை வைத்தே கணக்கிடுகிறது. அதனால் டேஷ்போர்டில் மைலேஜ் கூடியதுபோலத் தெரியும். டேங்க்கை நிரப்பி, ஓடிய கிலோமீட்டரை நிரப்பிய லிட்டரால் வகுத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

முறையான டியூனிங் அளவில் தொடங்கி அளவில் முடிகிறது. முதலில் வண்டியை டைனோ என்னும் சக்தி அளக்கும் கருவியில் ஏற்றி அதன் இப்போதைய சக்தியைக் குறிக்க வேண்டும். பெட்ரோல் எஞ்சினுக்கு ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்பது சாதாரண ஓட்டத்துக்கான எடைக் கணக்கு. ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதிக்கும்போது பெட்ரோல் இன்னும் கூடுதலாக வேண்டும். ஸ்பார்க் சில டிகிரி முந்தினாலும் நாக்கிங் வந்து பிஸ்டனைத் தின்னத் தொடங்கும். டீசலில் கவனிக்க வேண்டியவை புகையும் புகைபோக்கி வெப்பமும். இவற்றைப் பார்த்துப் பார்த்து அந்த ஒரு வண்டிக்கென்று செய்வதே டியூனிங். எல்லா வண்டிக்கும் ஒரே பெட்டி என்பது, கண்ணைச் சோதிக்காமல் எல்லோருக்கும் ஒரே கண்ணாடி கொடுப்பது போன்றது.

"ஒரே எஞ்சினைக் கம்பெனியே 75 குதிரைத்திறனிலும் 90 குதிரைத்திறனிலும் விற்றதே, பூட்டைத் திறந்தால் போதாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. ஃபியட்டின் 1.3 மல்டிஜெட் டீசல் எஞ்சின் ஸ்விஃப்ட்டில் 75, எர்டிகாவில் 90 என்று வந்தது உண்மை. ஆனால் எர்டிகாவில் இருந்தது இறக்கைகளின் கோணத்தை மாற்றிக்கொள்ளும் டர்போ. ஸ்விஃப்ட்டில் இருந்தது மாறாத டர்போ. அந்த வித்தியாசம் வெறும் மென்பொருள் சமாசாரம் அல்ல, இரும்பிலேயே இருக்கிறது. மட்டமான எரிபொருள், கோடை வெயில், மலைப்பாதை எல்லாவற்றையும் தாங்கத்தான் கம்பெனி எஞ்சினின் சக்தியில் கொஞ்சம் ஒதுக்கி வைக்கிறது என்பதும் சரிதான். தேர்ந்த டியூனர் அந்த ஒதுக்கீட்டில் ஒரு பகுதியை, கிளட்ச்சும் டர்போவும் எவ்வளவு தாங்கும் என்று தெரிந்துகொண்டு எடுக்கிறார். பெட்டி தெரியாமலே எடுக்கிறது. பிஎஸ்6 டீசல் வண்டியில் புகை வடிகட்டியைக் கழற்றிவிட்டு ரீமேப் செய்வதை மட்டும் எந்தத் திறமையும் நியாயப்படுத்தாது. அந்தப் புகையை மூச்சில் வாங்குவது பின்னால் பைக்கில் வருகிறவர். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தப்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம்.

ரீமேப் செய்யத்தான் போகிறீர்கள் என்றால், வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த டைனோ தாளையும் பழைய மென்பொருளின் நகலையும் தருவார்களா என்று முதலில் கேளுங்கள். தராத இடத்தில் சாவியைக் கொடுக்காதீர்கள்.