பாண்டியர் அரசுரிமைப் போர்

ஒரு முடிக்கு இருவர் உரிமை கொண்டாடிப் பொருத வரலாறு பல நாடுகளிலும் உண்டு. இங்கிலாந்தில் லங்காஸ்டர், யார்க் என்னும் இரு குடியினர் 1455-இல் தொடங்கி, முப்பது ஆண்டுகள் விட்டுவிட்டுப் போரிட்டனர். 1485-இல் ஹென்றி டியூடர் வென்று முடி புனைந்தபோது, அத்துணைக் குருதி சிந்திய பின்னும் அந்நாட்டு அரசு சிதையாமல் நின்றது. அதற்கு ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னர் மதுரையில் மூண்ட அரசுரிமைப் போரோ, பாண்டியப் பேரரசையே மாய்த்துவிட்டது. அதன் காரணம் யாது?

1268-இல் அரியணை ஏறிய மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் நாடு செழித்திருந்தது. காயல் துறையில் அரபு நாட்டுக் குதிரைகள் வந்திறங்கின. முத்து வாணிகம் ஓங்கியது. மார்க்கோ போலோ வியந்து எழுதிய வளம் இதுவே. அரச குலத்தார் பலர் ஒருங்கே ஆட்சியில் பங்கு கொள்வது அந்நாளைய பாண்டியர் வழக்கம். குலசேகரன் மைந்தரான வீரபாண்டியனும் சுந்தரபாண்டியனும் தந்தை வாழ்ந்த காலத்திலேயே தத்தம் ஆட்சியாண்டைக் குறித்துக் கல்வெட்டுகள் பொறித்தனர். தந்தைக்குப்பின் தலைமை யாருக்கு என்னும் வினா மட்டும் தீராமலே இருந்தது.

பட்டத்தரசியின் மைந்தனான சுந்தரபாண்டியனை விடுத்து, வீரபாண்டியனுக்கு முடியளிக்க மன்னன் எண்ணினான் என்றும், வெகுண்ட சுந்தரபாண்டியன் 1310-இல் தந்தையைக் கொன்றான் என்றும் பாரசீக வரலாற்றாசிரியர் வசாஃப் எழுதுகிறார். உடன்பிறந்தார் போர் மூண்டது. காலம் வாய்த்ததென்று போசள மன்னன் மூன்றாம் வல்லாளன் தெற்கே படை நடத்தினான்.

தில்லித் தளபதி மாலிக் காபூர் அவ்வாண்டின் தொடக்கத்திலேயே ஓருகல்லு எனப்பட்ட வாரங்கல்லை முற்றுகையிட்டு, காகதீய மன்னன் பிரதாபருத்திரனிடம் பெருந்திறை பெற்று மீண்டிருந்தான். 1311-இல் மறுபடியும் தெற்கே வந்து, போசளரைப் பணிவித்தபின் பாண்டிய நாட்டினுள் புகுந்தான்.

அவனை அழைத்தவன் சுந்தரபாண்டியனே என்பது இன்றும் பலர் கூறும் செய்தி. அவன் தில்லியில் அடைக்கலம் நாடினான் என்ற வசாஃபின் கூற்றே இதற்கு அடிப்படை. ஆயின், படையெடுப்பை விரிவாக எழுதிய அமீர் குஸ்ரூ இதனைக் குறிப்பிடவில்லை. மாலிக் காபூர் முதலில் வீரபாண்டியனைத் தேடி அலைந்தான் என்றும், பின்னர் மதுரையை அடைந்தபோது சுந்தரபாண்டியன் அரசியரோடு நகரை விட்டு அகன்றிருந்தான் என்றும் அவர் உரைக்கிறார். உதவிக்கு அழைத்தவன் ஓடி ஒளிவானேன்? எனவே அழைப்புக் கதை ஐயத்துக்குரியது. அழைப்பு வேண்டியதும் இல்லை. பிளவுண்ட வீட்டின் கதவு தானே திறந்துகிடக்கும்.

வந்த படை அவ்வாண்டே திரும்பிற்று. பூசல் மட்டும் தீரவில்லை. வேணாட்டு மன்னன் ரவிவர்மன் குலசேகரன் காஞ்சிவரை முன்னேறினான். 1316-இல் பிரதாபருத்திரனின் தளபதி முப்பிடி நாயக்கன் அதே காஞ்சியைக் கைக்கொண்டான். அண்டை அரசர் யாவரும் பாண்டியரின் பிளவைத் தம் பேறாகக் கருதினர். ஆயின் 1323-இல் தில்லிப் படை வாரங்கல்லையே வீழ்த்தியது. மதுரையும் அதன் ஆட்சிக்கு உட்பட்டது.

ஒருவனுடைய துரோகமே நாட்டை அழித்தது என்று முடித்துவிடுவது எளிது. வாரிசு முறையை வரையறுக்காத அரசும், அண்டை வீட்டுத் தீயில் குளிர்காய்ந்த அரசரும் சேர்ந்து விளைத்த கேடு என்பதே பொருந்தும். ஐதராபாத்தில் வாழும் தமிழருக்கு வாரங்கல் கோட்டை ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தொலைவே. அங்குள்ள கல் தோரண வாயில்களைக் காணச் செல்வோர், மதுரையின் வீழ்ச்சியும் அவ்வாயில்களோடு பிணைந்தது என்பதை எண்ணிப் பார்ப்பார்களாக.