ஐரோப்பா டூர்: தட்டுப்பாடு நேரத்துக்குத்தான்

ஐரோப்பாவுக்குக் குழுவாகப் போகிறவர்கள் பயணத்துக்கு முன் கவலைப்படுவதெல்லாம் காசு, குளிர், சாப்பாடு ஆகிய மூன்றைப் பற்றித்தான். மூன்றையும் பெரும்பாலும் டூர் நிறுவனமே பார்த்துக்கொள்கிறது. ராத்திரியானால் ஏதாவதொரு இந்திய ஓட்டலில் பருப்பும் சாதமும் கிடைத்துவிடும். அங்கே போனபின் உண்மையில் பற்றாக்குறையாவது நேரம்தான். பாரிஸ், சுவிட்சர்லாந்து, இத்தாலி என்று பத்து நாளில் சுற்றிவரும் பயணத்தில் நாற்பது பேருக்கும் சேர்த்து ஒரே கடிகாரம். அதில் ஒருவர் எடுத்துக்கொள்ளும் கூடுதல் நிமிடம் மற்றவர்கள் கணக்கில் கழிகிறது. குழுப் பயணத்துக்கான உருப்படியான யோசனைகளில் பாதிக்குமேல் இந்த ஒரு விஷயத்திலிருந்தே பிறக்கின்றன.

“பஸ் நமக்காகத்தானே வந்திருக்கிறது, அரைமணி நேரம் காத்திருந்தால் என்ன?” என்று கேட்பவர்கள் ஒவ்வொரு குழுவிலும் உண்டு. நம்மூர் டூரிஸ்ட் பஸ்ஸில் டிரைவர் டீ குடித்துவிட்டு விடியவிடிய ஓட்டிவிடுவார். ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம் அதற்கு இடம் தராது. நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிட இடைவெளி கட்டாயம். ஒரு நாளைக்கு மொத்தம் 9 மணி நேரம்தான் ஓட்டலாம்; வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10 மணி நேரம் வரை போகலாம். இது தவிர, தினமும் தொடர்ச்சியாக 11 மணி நேர ஓய்வு வேண்டும். அதை 9 மணி நேரமாகக் குறைக்கலாம், ஆனால் இத்தனை முறைதான் என்று அதற்கும் வரம்பு உண்டு. ஆக, காலை 8 மணிக்கு வேலையைத் தொடங்கும் டிரைவர் வழக்கமான நாளில் இரவு 9 மணிக்குள் வண்டியை நிறுத்தியாக வேண்டும். ஓட்டிய நேரமெல்லாம் வண்டியிலுள்ள டாக்கோகிராஃப் என்ற கருவியில் பதிவாகிறது. போலீஸ் வழியில் மறித்து அதைச் சோதிக்கலாம், மீறலுக்கு அபராதம் உண்டு. கையில் நூறு யூரோவைத் திணித்தாலும் அந்தப் பதிவு மாறாது. காலையில் ஓட்டல் லிஃப்ட் அருகே தொலைந்த அரைமணி நேரம் மாலையில் ஏதோ ஒரு படகுச் சவாரியாகக் கழிந்துபோவது இப்படித்தான். பழி என்னவோ டூர் மேனேஜர் தலையில் விழும்.

ஆகவே ஆயத்தம் என்பது நேரத்தை மிச்சப்படுத்தும் வேலை. பயணத் திட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு கிழமையைப் பாருங்கள். பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய் விடுமுறை. வாட்டிகன் அருங்காட்சியகங்கள், மாதத்தின் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில் மூடியிருக்கும். பட்டியலில் பெயர் இருப்பதால் மட்டும் உள்ளே போவோம் என்று அர்த்தமில்லை. பல இடங்களில் வெளியே நின்று படம் எடுப்பதோடு சரி. வாட்டிகனிலுள்ள புனித பேதுரு பேராலயத்தில் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். சுவிட்சர்லாந்தின் யுங்ஃபிராவ்யோக் ரயில் நிலையம் 3,454 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இதய நோய், மூச்சுத் தொல்லை உள்ளவர்கள் ஊரிலேயே மருத்துவரைக் கேட்டுவிடுவது நல்லது. மேலே போனதும் ஓடியாடாமல் மெல்ல நடக்க வேண்டும். அன்றைக்கு ஸ்வெட்டரும் மாத்திரையும் தோள்பையில் இருக்கட்டும். பஸ்ஸின் அடிவயிற்றில் நாற்பது பெட்டிக்குக் கீழே உங்கள் பெட்டி கிடந்தால் அதை எடுக்கவே கால்மணி நேரம் போய்விடும். கழிப்பறைகள் பலவற்றில் காசு கேட்பார்கள் என்பதால் சில்லறை வேண்டும். சுவிட்சர்லாந்தில் நாணயம் பிராங்க். அந்த நாடு ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஆகவே வாங்கும் சிம் அங்கேயும் வேலை செய்யுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பால்கோவா, நெய், கறிவேப்பிலை மூன்றும் விமான நிலையச் சுங்கத்தில் பறிபோகக்கூடியவை. பருப்புப்பொடிக்குத் தடையில்லை.

இதையெல்லாம்விடப் பெரிய நேரத் திருட்டு பாஸ்போர்ட் தொலைவதுதான். 2013இல் ஜேப்படிக்காரர்களின் தொல்லை தாங்காமல் லூவர் ஊழியர்களே வேலையை நிறுத்தினார்கள், அருங்காட்சியகம் ஒரு நாள் மூடிக் கிடந்தது. பாஸ்போர்ட் போனால் போலீஸில் புகார், பிறகு இந்தியத் தூதரகம். அவசரத்துக்கு அங்கே கொடுக்கும் சான்றிதழ் இந்தியா திரும்புவதற்கானது, மிச்சமிருக்கும் சுற்றுலாவுக்கானது அல்ல. குழு அடுத்த ஊருக்குப் போய்க்கொண்டே இருக்கும். சட்டைக்குள் மாட்டிக்கொள்ளும் பை, பாஸ்போர்ட்டுக்கும் விசாவுக்கும் நகல், இரண்டு புகைப்படம் ஆகியவற்றுக்கு ஆகும் செலவு சொற்பம்.

“இப்படிப் பட்டாளத்து அணிவகுப்பு போல ஓடுவதற்குத் தனியாகவே போய்விடலாமே” என்று சிலர் சொல்வார்கள். நியாயமான கேள்விதான். ஒரே ஊரில் இரண்டு நாள் சும்மா உட்கார விரும்புகிறவருக்குக் குழுப் பயணம் ஒத்துவராது என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் ஷெங்கன் விசாவுக்கான காகிதங்கள், குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு, மொழி தெரியாத ரயில் நிலையத்தில் பெட்டியோடு நடைமேடை மாறுவது, இவ்வளவையும் எழுபது வயதுப் பெற்றோர் தாங்களாகச் சமாளிக்க முடியுமா? அவர்களுக்குக் குழு பெரிய உதவி. ஓட்டத்தின் வேகம் குழுவால் மட்டும் வருவதில்லை. பத்து நாளில் ஏழு நாடு என்ற விளம்பரத்துக்கு நாம் மயங்குவதாலும் வருகிறது. அதே பத்து நாளில் மூன்று நாடு என்றால் பஸ்ஸில் கழியும் பொழுது குறைந்து காலில் நடக்கும் பொழுது கூடும். என் கணக்கில் அதுதான் லாபம்.

எனவே முன்பணம் கட்டுவதற்கு முன் சில கேள்விகளைக் கேளுங்கள். எத்தனை முறை ஓட்டல் மாற வேண்டும்? ஓட்டல் ஊருக்குள்ளா, நெடுஞ்சாலை ஓரத்திலா? ஒவ்வொரு நாளும் பஸ்ஸில் எத்தனை மணி நேரம்? எந்தெந்த இடத்துக்கு நுழைவுச்சீட்டு கட்டணத்திலேயே சேர்ந்திருக்கிறது? ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்கும் காப்பீடு உண்டா? இவற்றுக்கு எழுத்தில் பதில் தராத நிறுவனத்திடம் பணம் கட்டாதீர்கள்.