பார்வையற்றோர் கணிப்பொறிக்குக் காவல்

ஆவடி, பூந்தமல்லி வட்டாரங்களில் கழனியும் தொழிற்சாலையும் அண்டை வீடுகளைப் போல் அமைந்திருப்பதை வாசகர்கள் அறிவர். இப்பகுதிக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. பார்வையற்றோருக்கான அரசு மேல்நிலைப்பள்ளி பூந்தமல்லியில் நடைபெற்று வருகிறது. டேராடூனைத் தலைமையிடமாகக் கொண்டு, பார்வைக் குறைபாடுடையோருக்கென மத்திய அரசு நடத்தும் தேசிய நிறுவனத்தின் மண்டல மையமும் அவ்வூரிலேயே உள்ளது. ஆகவே, கணிப்பொறியில் பழகிய பார்வையற்றோரைச் சுற்றுப்புறச் சிற்றூர்களில் காண்பது அரிதன்று.

இது ஊராட்சி மன்றத்தார் கவனிக்க வேண்டிய பொருளா என ஐயுறுவோர் இருக்கலாம். 2025-ஆம் ஆண்டில் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் திருத்தப்பட்டு, மாற்றுத்திறனாளிகளை ஊராட்சிகளில் நியமன உறுப்பினர்களாக அமர்த்த வழி செய்யப்பட்டது. வீட்டு வரி முதல் திட்டக் கணக்கு வரை கணிப்பொறியில் ஏறிவிட்ட இக்காலத்தில், பார்வையற்ற உறுப்பினர் ஒருவர் தம் வீட்டிலிருந்தே தாள்களைப் படிக்கவும் கடிதம் எழுதவும் கணிப்பொறியையே நாடுவார். உதவித்தொகை வரவு பார்ப்பதும், உர விலை விசாரிப்பதும், மகளுக்குப் பணம் அனுப்புவதும் அதே கருவியில்தான். அக்கருவியில் திருடன் புகுந்தால் இழப்பு சிறிதன்று.

கண்ணால் காணாதவர் கணிப்பொறியை இயக்குவது எவ்வாறு? திரைவாசிப்பான் என்னும் மென்பொருள் திரையில் உள்ளதைக் குரலாக மாற்றி உரைக்கிறது. அவர் எலிக்கருவியைத் தொடுவதில்லை. விசைப்பலகையாலேயே எல்லாவற்றையும் நடத்துகிறார். அமெரிக்காவில் டெட் ஹென்டர் என்பார் 1989-இல் ‘ஜாஸ்’ என்னும் திரைவாசிப்பானை வெளியிட்டார். அது விலை மிகுந்தது. ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கர்ரன் என்பார் 2006-இல் தொடங்கிய ‘என்.வி.டி.ஏ.’ இலவசமாகவே கிடைக்கிறது. அதனுடன் வரும் குரலே தமிழையும் படிக்கிறது. குரல் சற்றுக் கரகரப்பானதே; சில நாளில் செவி பழகிவிடும். இவ்விரண்டையும் ஆக்கத் தொடங்கியவர்கள் இருவரும் பார்வையற்றவர்களே என்பது குறிப்பிடத்தக்கது.

திரைவாசிப்பானுக்குப் படம் தெரியாது. ஒவ்வொரு பொத்தானுக்கும் பெட்டிக்கும் உரிய பெயரை மென்பொருளை ஆக்கியோர் உள்ளே எழுதிவைத்தல் வேண்டும். அப்பெயரையே அது படிக்கும். பெயர் எழுதப்படாவிடில் ‘பொத்தான்’ என்று மட்டும் சொல்லி நின்றுவிடும். அது ‘நீக்கு’ என்னும் பொத்தானா, ‘அனுமதி’ என்னும் பொத்தானா என்பதை அறிய வழியில்லை.

வைரஸ் முதலிய கேடுகளைத் தடுக்கும் காவல் மென்பொருள்களில்தான் இக்குறை பெரிதும் உறுத்துகிறது. அவற்றுள் பல, விண்டோஸ் தரும் வழக்கமான சன்னல்களை விடுத்து, அழகு கருதித் தாமே வரைந்த வண்ணச் சன்னல்களைக் காட்டுகின்றன. ‘கேடு உண்டு’ என்பதைச் சிவப்பு நிறத்தாலும், ‘நலம்’ என்பதைப் பச்சை நிறத்தாலும் மட்டுமே உணர்த்துவனவும் உள. ஏரிக்கரை உடைப்பைக் கண்ட காவற்காரர் தண்டோராப் போடாமல், சாவடிச் சுவரில் எழுதிவைத்து வீட்டுக்குப் போனது போலாகும் இது.

வேறொரு சிக்கலும் உண்டு. திரைவாசிப்பான் திரையில் உள்ளதையெல்லாம் படிக்கிறது. அழுத்தும் விசைகளையெல்லாம் கவனிக்கிறது. ஒற்று வேலை செய்யும் தீய மென்பொருளும் இதையேதான் செய்யும். ஆகவே கண்டிப்பு மிகுந்த காவல் மென்பொருள், உரியவரின் திரைவாசிப்பானையே ஐயுற்றுத் தடுத்துவிடக்கூடும். அந்நொடியில் கணிப்பொறி ஊமையாகிவிடும். தடுக்கப்பட்டது எது என்னும் செய்தியும் திரையிலேயே கிடக்கும். படிக்கக் குரல் இராது.

நாம் பரிந்துரைப்பது எளிய வழியே. விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் காவல் மென்பொருள் உடன் அமைந்தே வருகிறது. தனியே விலை கொடுக்க வேண்டியதில்லை. அதன் சன்னல்கள் வழக்கமான முறையில் ஆனவை; பொத்தான்களுக்குப் பெயர் உண்டு; திரைவாசிப்பான் தடையின்றிப் படிக்கும். வீட்டு உபயோகத்திற்கு இதுவே போதுமானது. புதுக் கணிப்பொறி வாங்கும்போது, சில மாதக் கெடு வைத்த வேறொரு காவல் மென்பொருளைக் கூடவே ஏற்றித் தருவது வணிகர் வழக்கம். அது இருக்கும்வரை உடன் அமைந்த காவல் ஒதுங்கி நிற்கும். கெடு முடிந்த அறிவிப்பு திரையின் மூலையில் தோன்றி மறைந்தால் பார்வையற்றவர் அறியார். வாங்கிய அன்றே கண் பார்வையுள்ள ஒருவர் உடனிருந்து அதை நீக்கிக் கொடுப்பது நலம். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் நிறுவனம் அளித்துவந்த பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. ஆதலின் புதிதாக வாங்குவோர் விண்டோஸ் 11 உள்ளதையே கேட்டுப் பெறுக.

என்.வி.டி.ஏ.வைப் பென்டிரைவில் வைத்து அப்படியே இயக்குவோர் உளர். அயலிடத்தில் ஆத்திர அவசரத்துக்கு அது உதவும். ஆயினும் சொந்தக் கணிப்பொறியில் அதை முறைப்படி நிறுவிக்கொள்ளல் வேண்டும். ஒரு மென்பொருள் உள்ளே நுழைய முயலும்போது, ‘அனுமதிக்கலாமா?’ என்று விண்டோஸ் தனித்த பாதுகாப்புத் திரையில் கேட்கும். நிறுவப்படாத என்.வி.டி.ஏ. அத்திரையைப் படிக்க இயலாது. திடீரென மௌனம் நிலவ, பயன்படுத்துவோர் பொறுமை இழந்து ஏதோ ஒரு விசையைத் தட்டுவார். காவல் மிகத் தேவையான தருணம் அதுவே.

பொய் எச்சரிக்கை பற்றியும் சொல்ல வேண்டும். இணையப் பக்கம் ஒன்று திரை முழுவதும் விரிந்து, ‘உங்கள் கணிப்பொறியில் வைரஸ் புகுந்துள்ளது, உடனே இவ்வெண்ணுக்குப் பேசுக’ என மிரட்டும். கண்ணுள்ளவர் அதன் கோணல் வடிவத்தைக் கண்டாவது ஐயுறுவார். திரைவாசிப்பானோ மெய்யையும் பொய்யையும் ஒரே குரலில் உரைக்கும். இதற்கு ஓர் அடையாளம் உண்டு: மைக்ரோசாப்ட் தரும் மெய்யான எச்சரிக்கையில் தொலைபேசி எண் ஒருபோதும் இராது. எண் காதில் விழுந்தால் பொய் எனத் துணியலாம். ‘ஆல்ட்’ விசையுடன் ‘எப் 4’ விசையை அழுத்தினால் பெரும்பாலும் அச்சன்னல் மூடிவிடும்.

இவையெல்லாவற்றிலும் பெரிய ஆபத்து, கடவுச்சொல்லைப் பிறரிடம் ஒப்படைப்பதே. பார்வையற்றோர் விரும்பி ஒப்படைப்பதில்லை. வங்கிப் பக்கத்தில் கோணல்மாணலான எழுத்துகளைப் படமாகக் காட்டி, ‘இதைக் கண்டு எழுதுக’ என்பார்கள். திரைவாசிப்பானால் அதைப் படிக்க இயலாது. வேறு வழியின்றிப் பக்கத்து வீட்டுப் பிள்ளையையோ கடைக்காரரையோ அழைக்க நேர்கிறது. நல்லவரே ஆயினும், கடவுச்சொல் இருவர் அறிந்தால் அது கடவுச்சொல்லன்று. 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி விடுத்த அறிவுரைப்படி, வாடிக்கையாளர் தாமே கடவுச்சொல்லைப் பிறருக்குச் சொல்லியதால் நேரும் இழப்பு, வங்கிக்குத் தெரிவிக்கும்வரை அவரையே சாரும் என வகுக்கப்பட்டது. வழி கொடாமல் பழியை மட்டும் சுமத்துவது நியாயமன்று என்பது நம் கருத்து. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மின்னணுச் சேவைகள் யாவர்க்கும் எட்ட வேண்டும் என்கிறது. இணைய வழிச் சேவைகளை அடையும் உரிமை வாழ்வுரிமையின் பகுதியே என உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30 அன்று தீர்ப்பளித்தது. வங்கி இவ்விதம் தடை செய்தால், கிளை மேலாளருக்கு எழுத்து மூலம் முறையிடலாம். ஊராட்சி மன்றம் அதற்குத் துணை நிற்கலாம்.

கடவுச்சொற்களை உலாவியிலேயே சேமித்து வைப்பதில் ஒரு நன்மை உண்டு. வங்கிப் பக்கத்தைப் போலவே போலி ஒன்றைச் செய்து வைத்திருந்தாலும், முகவரி வேறாயின் உலாவி கடவுச்சொல்லைத் தானாக நிரப்பாது. வழக்கமாக நிரம்பும் பெட்டி வெறுமையாக இருந்தால், முகவரியை அம்புக்குறி விசையால் எழுத்தெழுத்தாகக் கேட்டறிக. ஓ.டி.பி. எண்ணைக் கைப்பேசி உரக்கப் படித்துவிடுமாதலால், பேருந்திலும் சந்தையிலும் காதுக்குழல் அணிதல் அவசியம்.

பணம் பறிபோனது தெரிந்தால் தாமதமின்றி 1930 என்னும் எண்ணுக்குப் பேசுக. மோசக்காரர் பணத்தை எடுத்துவிடுமுன் அதை நிறுத்திவைக்க முயல்வார்கள். இணைய வழியிலும் புகார் பதியலாம்; ஆயினும் பார்வையற்றோருக்குத் தொலைபேசியே விரைவானது. ஆவடி 2022 முதல் தனிக் காவல் ஆணையரகமாக இயங்குவதால், அதன் எல்லைக்குட்பட்ட ஊரினர் அங்கும் நேரில் முறையிடலாம். வங்கியின் குறுஞ்செய்தியை அழிக்காமல் வைத்திருத்தல் வேண்டும்.