சொல்லும் உரிமையும்

நலத்திட்டங்களின் வெற்றி ஒதுக்கப்படும் நிதியை மட்டும் பொறுத்ததன்று. பயன்பெற வேண்டியவர் எச்சொல்லால் அழைக்கப்படுகிறார் என்பதும் அதனைத் தீர்மானிக்கிறது. ஏளனத்திற்கு அஞ்சி வீட்டினுள் ஒடுங்குபவர் சான்றிதழ் கோரி முன்வருவது அரிது.

கேரள மாநிலம் நெய்யாற்றின்கரை வட்டத்தைச் சேர்ந்த காரோடு, பாறசாலை ஆகிய ஊர்கள் கன்னியாகுமரி மாவட்ட எல்லையை ஒட்டியவை. இப்பகுதியில் மலையாளமும் தமிழும் அருகருகே வழங்குகின்றன. குருடன், ஊமை முதலிய சொற்கள் இரு மொழிகளுக்கும் பொதுவானவை.

வசையான சொற்கள்

உடற்குறையைச் சுட்டிய சொற்கள் நாளடைவில் வசைகளாயின. மலையாளத்தில் 'பொட்டன்' என்பது காது கேளாதவரையும் அறிவற்றவரையும் ஒருசேரக் குறிக்கும். கேளாமையை அறிவின்மையாகக் கருதிய பிழை அச்சொல்லிலேயே பதிந்துள்ளது. 'ஊமை' என்பதும் அத்தகையதே. காது கேளாதோரில் பெரும்பாலோருக்குக் குரல் உறுப்புகள் நன்னிலையில் உள்ளன. சைகை மொழி அவர்களுக்கு முழுமையான மொழியாகும்.

சட்டமும் புதுப்பெயர்களும்

1995-ஆம் ஆண்டுச் சட்டம் 7 வகைக் குறைபாடுகளை ஏற்றது. ஐ.நா. உடன்படிக்கையை 2007-இல் இந்தியா உறுதிசெய்த பின்னர் இயற்றப்பட்ட 2016-ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றை 21 ஆக விரிவாக்கியது. பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில், இழிவுபடுத்தும் நோக்குடன் ஒருவரை வேண்டுமென்றே அவமதித்தல் அச்சட்டத்தின் 92-ஆம் பிரிவின்படி தண்டனைக்குரியது; 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்கப்படலாம்.

தமிழகத்தில் 'ஊனமுற்றோர்' என்பது 'மாற்றுத்திறனாளிகள்' ஆயிற்று. கேரளத்தில் 'விகலாங்கர்' என்னும் சொல்லின் இடத்தில் 'பின்னசேஷி' வழங்குகிறது. 2015-இல் இந்தியில் முன்வைக்கப்பட்ட 'திவ்யாங்' என்ற பெயரை, தெய்விகப் புகழ்ச்சி உரிமைக்கு ஈடாகாது எனக் கூறிப் பல அமைப்புகள் ஏற்கவில்லை.

அலுவலர் கடமை

பார்வையற்றவர், காது கேளாதவர், அறிவுசார் குறைபாடு உடையவர், சக்கர நாற்காலி பயன்படுத்துபவர் எனத் தெளிவாகக் கூறுவதே முறை. தேவையற்ற இடத்தில் குறைபாட்டைக் குறிப்பிடலாகாது. உடன் வந்தவரிடமன்றி உரியவரிடமே பேச வேண்டும். அவர் விரும்பும் பெயரையும் கேட்டறிதல் நன்று.

எனினும், பெயர்ப்பலகை மாறிய அலுவலகத்தில் சாய்தளம் இல்லையெனில் அம்மாற்றம் அரைகுறையே. மரியாதையான சொல் வாயிலைத் திறக்கும். உள்ளே உரிமை காத்திருக்க வேண்டும்.