வேலிப் பொட்டும் விமான ஓடுபாதையும்

2020ம் ஆண்டு மே மாதம் 7ந் திகதி. கொரோனா நோயினால் உலகமே வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்த காலம். அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலத்தில் டலஸ் நகரிலிருந்து புறப்பட்ட சவுத்வெஸ்ற் நிறுவனத்தின் 1392ம் இலக்க விமானம், இரவு 8 மணி கடந்த வேளையில் ஒஸ்ரின் விமான நிலையத்தில் இறங்கியது. அது ஒரு போயிங் 737 ரக விமானம். இறங்குவதற்கான அனுமதி முறைப்படி கிடைத்திருந்தது. சில்லுகள் தரையைத் தொட்ட சற்று நேரத்தில், ஓடுபாதையில் ஒரு மனிதர் நிற்பதை விமானி கண்டார். விலத்தப் பார்த்தார். முடியவில்லை. விமானத்தின் இடப்பக்க இயந்திரத்தின் உறை சேதமடைந்தது. பயணிகள் எவருக்கும் காயமில்லை. ஓடுபாதையில் நின்றவர் இறந்து போனார்.

அவர் அங்கே நிற்க அனுமதி பெற்றவரல்லர். எப்படி உள்ளே வந்தார்? ஏன் ஒருவர் கண்ணிலும் படவில்லை? அன்றிரவே இந்தக் கேள்விகள் எழுந்தன.

இவை ஒஸ்ரினுக்கு மட்டும் உரிய கேள்விகள் அல்ல. நாம் வசிக்கும் சன்னிவேலுக்குப் பக்கத்தில் உள்ள சான் ஹொசே விமான நிலையத்திலும் அதற்கு ஆறு வருடங்களுக்கு முன்னர் இதே கேள்விகள் எழுந்திருந்தன. அங்கே வேலி தாண்டி உள்ளே போனது ஓர் அகதிக் குடும்பத்துப் பிள்ளை. ஆகவேதான் எம்மவர் படிக்கும் இந்தப் பத்திரிகையில் இதை எழுதுகிறோம்.

பக்கத்து ஊரில் நடந்தது

சன்னிவேலிலிருந்து சான் ஹொசே விமான நிலையத்துக்குக் காரில் கால் மணித்தியாலம். ஊரிலிருந்து வரும் உறவினரை ஏற்றவும், கனடாவுக்குக் கலியாண வீட்டுக்குப் போகவும் எம்மிற் பலர் அங்கே போய் வந்திருக்கிறோம். அதன் கம்பி வேலியை ஒட்டித்தான் றோட்டு ஓடுகிறது. அந்த வேலியை நாம் ஒருபோதும் உற்றுப் பார்த்ததில்லை.

2014 ஏப்ரல் 20ந் திகதி, உயிர்த்த ஞாயிறு. நடுச்சாமம் கடந்த பின் 15 வயதுப் பையன் ஒருவன் அந்த வேலியில் ஏறி உள்ளே குதித்தான். விமானங்கள் நிற்கும் இடத்தில் மணிக்கணக்காக இருட்டில் நின்றான். பின் ஹவாய் நோக்கிப் புறப்படவிருந்த விமானம் ஒன்றின் சில்லுக் குழிக்குள் ஏறிக்கொண்டான். விமானம் எழும்பியதும் சில்லுகள் மடிந்து உள்ளே போகும் இடம் அது. ஐந்தரை மணித்தியாலப் பறப்பு. 38,000 அடி உயரம். அந்த உயரத்தில் குளிர் பூச்சியத்துக்குக் கீழே 50 பாகைக்கும் மேல். மூச்சு விடக் காற்றுப் போதாது. பிள்ளை நினைவிழந்து கிடந்தான். மாவி தீவில் விமானம் நின்று நெடுநேரத்துக்குப் பின் கண் விழித்து, தானாகவே தரையில் இறங்கினான்.

அவன் பிழைத்தது அதிசயந்தான். 1947ம் ஆண்டு தொடக்கம் அதுவரை உலகெங்கும் 105 பேர் இவ்வாறு ஒளிந்து பறந்ததாகவும், அவர்களுள் 25 பேரே உயிர் தப்பியதாகவும் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் கணக்குச் சொன்னது. 1996 ஒக்ரோபரில் பஞ்சாப்பைச் சேர்ந்த சகோதரர்கள் இருவர் டெல்லியில் இப்படி ஏறி லண்டனுக்குப் பறந்தனர். அண்ணன் தப்பினார். தம்பி உயிரோடு போய்ச் சேரவில்லை.

சான் ஹொசேப் பையன் ஏன் ஏறினான்? அவனுடைய தாய் எதியோப்பியாவில் ஓர் அகதி முகாமில் இருந்தார். பல வருடங்களாகப் பிரிந்திருந்த தாயைப் பார்க்கத்தான் போனான். ஆனால் அவன் ஏறிய விமானம் தாய் இருக்கும் பக்கத்துக்குப் போகவில்லை. எதிர்ப்பக்கமாக மேற்கே, பசுபிக் கடலுக்கு மேலாகப் போனது.

வாசகர்களே, இந்த இடத்தில் ஒரு நிமிடம் நின்று யோசியுங்கள்.

யந்திரத்துக்கும் விமானத்துக்கும் உள்ள வேறுபாடு

நாம் படித்தவர்கள் அல்லர். பள்ளிக்கூடத்தை இடையில் விட்டு ஓடி வந்தவர்கள். ஆனால் தொழிற்சாலையில் நின்று வேலை செய்பவர்களுக்கு ஒரு விடயம் நன்றாகத் தெரியும். அழுத்து யந்திரத்தின் முன்னால், கண்ணுக்குத் தெரியாத ஒளிக் கதிர்கள் திரைபோல் ஓடிக்கொண்டிருக்கும். கை அதற்குள் போனால் கதிர் வெட்டுப்படும். யந்திரம் உடனே நின்றுவிடும். கை வைத்தவர் களைத்தவரா, கவலையில் நின்றவரா, புதிதாய் வந்தவரா என்று அது பார்ப்பதில்லை. மனிதர் பிழை விடுவர் என்று தெரிந்துதான் அதைச் செய்து வைத்திருக்கிறார்கள்.

விமானத்துக்கு இப்படி ஒரு வசதி இல்லை. 737 ரக விமானம் தரையைத் தொடும்போது மணிக்கு 240 கிலோமீற்றர் அளவிலான வேகத்தில் ஓடும். அதாவது ஒரு செக்கனில் 65 மீற்றருக்கும் அதிகம். முன்னால் ஒருவர் நிற்பதைக் கண்டு, அவர் மனிதர்தான் என்று மூளைக்கு உறைத்து, கைகால் அசைவதற்குள் ஒரு காற்பந்து மைதானத்தின் நீளம் போய்விடும். பெரிதாக விலத்தினால் உள்ளே இருப்பவர்களுக்கு ஆபத்து. ஆகவே அந்த விமானியைக் குற்றஞ் சொல்ல ஏதுமில்லை. தடுப்பது என்றால் ஓடுபாதைக்கு வரமுன் தடுக்க வேண்டும்.

எழுந்த கேள்விகள்

முதலாவது, வேலியின் உயரம். சான் ஹொசேயில் அப்போது இருந்தது 6 அடிக் கம்பி வேலி, மேலே முட்கம்பி. சம்பவத்தின் பின் பல இடங்களில் அதை 10 அடியாக உயர்த்தினார்கள். நல்லதுதான். ஆனால் ஒஸ்ரின் விமான நிலையம் 4,000 ஏக்கருக்கும் அதிகமான நிலம். மனிதர் அடிபட்ட ஓடுபாதை மட்டும் 12,250 அடி நீளம். இவ்வளவையும் சுற்றி மைல் கணக்கில் வேலி. வேலி மனிதரைத் தாமதப்படுத்தும், தடுத்து நிறுத்தாது. அந்தத் தாமதத்துக்குள் ஒருவர் பார்த்துவிட வேண்டும்.

இரண்டாவது, பார்ப்பது யார்? சான் ஹொசேயில் கமராக்கள் இருந்தன. பையன் அவற்றில் பதிவாகியும் இருந்தான். ஆனால் அவன் ஹவாயில் இறங்கிய பின்னரே அந்தப் பதிவைத் தேடிப் பார்த்தார்கள். பெரிய விமான நிலையங்கள் சிலவற்றில் தரையில் ஓடும் விமானங்களையும் வாகனங்களையும் காட்டி எச்சரிக்கும் றேடார் முறை உண்டு. ஒஸ்ரினில் அது இருக்கவில்லை. 2023 பெப்ரவரி 4ந் திகதி, மூடுபனியில் அதே விமான நிலையத்தில் சரக்கு விமானம் ஒன்றும் பயணிகள் விமானம் ஒன்றும் ஒரே ஓடுபாதையில் மயிரிழையில் மோதாமல் தப்பின. அதன் பிறகு, 2024ல்தான், தரையில் ஓடுபவற்றைக் கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குக் காட்டும் புதிய கருவி அங்கே வந்தது. அதுவும் விமானங்களுக்கும் வாகனங்களுக்கும் என்று செய்யப்பட்டதே. நடந்து வரும் தனி மனிதருக்கு மனிதக் கண்தான் தேவை.

மூன்றாவது, பொறுப்பு யாருடையது? எம்முடைய சப்பாத்தைக் கழற்றச் சொல்லி, குழந்தையின் பால் போத்தலைத் திறந்து பார்த்தவர்கள் மத்திய அரசின் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்தினர். ஆனால் வேலியைக் காப்பது அந்தந்த விமான நிலையத்தின் வேலை. திட்டத்தை ஒருவர் அங்கீகரிக்க, மற்றவர் நடத்துகிறார். முன் வாசலில் நகவெட்டியையும் விடாமல் பார்க்கிறார்கள். பின்பக்க வேலியால் ஒரு பிள்ளை போய்விடுகிறான். 2014ல் இந்தப் பகுதியின் காங்கிரஸ் உறுப்பினர் எரிக் சுவால்வெல் அவர்களும் இந்தக் குறையைப் பற்றிக் கேள்வி எழுப்பினார்.

நான்காவது, உள்ளே இருந்து வருபவர்கள். 2024ம் ஆண்டின் முதல் நாள் இரவு, யூற்றா மாநிலத்தின் சால்ற் லேக் சிற்றி விமான நிலையத்தில் பயணச் சீட்டு வைத்திருந்த ஒருவரே அவசர வாசலால் வெளியேறி ஓடுபாதைப் பக்கம் ஓடினார். அவர் ஒரு விமானத்தின் இயந்திரத்துக்குள் இறந்து கிடந்தார். அங்கே வேலி 20 அடி உயரம் இருந்தாலும் பயனில்லை. 2022 நவம்பர் 18ந் திகதி, பேரு நாட்டின் லீமா நகரில் ஒத்திகைக்குப் புறப்பட்ட விமான நிலையத் தீயணைப்பு வண்டி ஒன்று, விமானம் எழும்ப ஓடிக்கொண்டிருந்த பாதையில் ஏறியது. விமானத்தில் இருந்தவர்கள் தப்பினர். தீயணைப்பு வீரர்கள் இருவர் அன்றே இறந்தனர். மூன்றாமவர் பின்னர் இறந்தார். வேலைக்குப் போனவர்கள் அவர்கள். ஒரு பகுதி செய்வது மறு பகுதிக்குச் சரியாகத் தெரியாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு இதுவே சாட்சி.

உள்ளே போனவர்கள் யார்?

அசோசியேற்றட் பிரெஸ் செய்தி நிறுவனம் 2015ல் ஒரு கணக்கெடுப்பை வெளியிட்டது. 2004ம் ஆண்டு தொடக்கம் அமெரிக்காவின் 31 பெரிய விமான நிலையங்களில் குறைந்தது 268 தடவைகள் ஆட்கள் சுற்றுவேலியைக் கடந்து உள்ளே போயிருக்கிறார்கள். இவற்றில் எதுவும் பயங்கரவாதச் சதி அல்ல என்று அதிகாரிகளே சொன்னார்கள். குடிபோதையில் இருந்தவர்கள், வழி தவறியவர்கள், மனநோயால் அல்லற்பட்டவர்கள், சுருக்கு வழி தேடியவர்கள், பொலிசாருக்குப் பயந்து ஓடியவர்கள் போன்றோரே அவர்கள்.

இங்கேதான் எமக்கு ஒரு கேள்வி. ஒவ்வொரு முறையும் வேலியைப் பற்றிக் கேட்கிறார்கள். வேலிக்கு வந்த மனிதரைப் பற்றிக் கேட்பது குறைவு. ஒஸ்ரினில் இறந்தவரின் மனதில் என்ன இருந்தது என்று நாம் ஊகிக்கப் போவதில்லை. அது அவருடைய குடும்பத்தாரின் துயரம். ஆனால் சான் ஹொசேப் பிள்ளையின் மனதில் இருந்தது ஊரறிந்த விடயம். தாயைப் பார்க்க வேண்டும் என்பது ஒரு நாளில் வந்த ஆசையாக இருக்க முடியாது.

யாழ்ப்பாணத்தில் வேலிகளுக்குள் வளர்ந்தவர்கள் நாங்கள். கிடுகு வேலி, பனையோலை வேலி, கதியால் வேலி. எந்த வேலியிலும் ஒரு பொட்டு இருக்கும். அந்தப் பொட்டால் யார் போனார், யார் வந்தார் என்று பக்கத்து வீட்டு ஆச்சிக்குத் தெரியும். பொழுதுபட்ட பின் ஒரு பிள்ளை தனியே பொட்டுக்குள்ளால் நுழைந்தால், "எங்கை மோனை போறாய்?" என்று ஒரு குரல் கேட்கும். காவல் காத்தது வேலியல்ல, அந்தக் குரல்தான்.

ஓடுபாதையைச் சுற்றிய வேலியும் எமக்குப் புதிதல்ல. 1990ல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தவர்களின் வீடும் தோட்டமும் பலாலி ஓடுபாதையைச் சுற்றிய முட்கம்பிக்குள் அகப்பட்டன. 2019 ஒக்ரோபரில் அங்கே சர்வதேச விமான நிலையம் திறக்கப்பட்டது. தம் சொந்த வளவை வேலிக்கு இப்பால் நின்று பார்த்தவர்கள் எம்மிடையே உண்டு. வேலிக்கு அப்பால் மனம் கிடந்தால் கால் எப்படித் துடிக்கும் என்பதை எமக்கு ஒருவரும் சொல்லித் தரத் தேவையில்லை.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்

சன்னிவேலில் எம்மிற் பலர் இரவு வேலைக்குப் போகிறோம். தகப்பன் வரும்போது தாய் புறப்படுவார். பிள்ளை தானே கதவைத் திறந்து, தானே சாப்பாட்டைச் சூடாக்கிச் சாப்பிட்டுப் படுக்கும். கேட்டால் "ஓம், எல்லாம் சரி" என்று சொல்லும். நாமும் களைப்பில் நம்பிவிடுவோம். ஊரிலோ, இந்தியாவில் முகாமிலோ விட்டு வந்த அம்மம்மாவைப் பற்றி, பிரிந்திருக்கும் தாயையோ தகப்பனையோ பற்றி நாம் பிள்ளையோடு பேசுவதில்லை. பேசினால் அழும் என்று பயம். பேசாவிட்டால் அது மறந்துவிட்டது என்று நினைக்கிறோம். பிள்ளைகள் மறப்பதில்லை.

ஆகவே நாம் கேட்பது இதுதான். விமான நிலையத்தார் வேலியை உயர்த்தட்டும். கமராவுக்கு முன்னால் ஆளை இருத்தட்டும். ஒரு பகுதி அறிந்ததை மறு பகுதி உடனே அறியட்டும். பெருஞ் செலவாகும்தான், ஆனால் ஓர் உயிருக்கு முன் அது பெரிதல்ல. வேலிக்கு அருகே ஒருவர் தனியே தடுமாறி நிற்பதைக் கண்டால், எமக்கென்ன என்று போகாமல் 911க்கு அறிவியுங்கள். ஆங்கிலம் வராது என்று கூச வேண்டாம். "ஏர்போட் பென்ஸ்" என்ற இரண்டு சொல் போதும்.

வீட்டில், இந்த வாரம் ஒரு நாள் வேலைக்குப் புறப்படுமுன் பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்து, "ஆரை மோனை பாக்க வேணும் போலை கிடக்குது?" என்று கேளுங்கள். பதிலைக் கேட்டு ஏச வேண்டாம். தொலைபேசியை எடுத்து அந்த ஆளோடு கதைக்க விடுங்கள். போக வசதியில்லை என்றால், எப்போது போகலாம் என்று உண்மையைச் சொல்லுங்கள். தனியே வேலிக்குப் போவதற்கு முன், பிள்ளை முதலில் எம்மிடம் வரட்டும்.